மாராயி மிதித்த கல்வட்டம்

மலையடிவாரப் பொட்டலில் பதினெட்டுக் கற்கள் வட்டமாக நின்றன. ஒவ்வொன்றும் ஆள் உயரம். யார் நட்டது, எப்போது நட்டது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. உள்ளே கால் வைத்தவரைக் கற்கள் எடுத்துக்கொள்ளும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஆட்டுக்குட்டியைத் துரத்திப் போன மாராயி உள்ளே கால் வைத்துவிட்டாள்.

ஊர் ஊராகப் போகும் ஒரு குருவும் சீடரும் அந்த வழியாக வந்தபோது இரண்டாம் நாள் உச்சிவேளை. குரு நீலவேணிக்கு முப்பது வயது. சீடர் மருதாசலம் அறுபதைத் தொட்டவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். எதையும் கேள்வி கேட்காமல் விட மாட்டார்.

வீட்டுக்கு ஒருவராக ஊரே கல்வட்டத்தைச் சுற்றி நின்றது. எல்லோரும் கற்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். முகத்தைக் காட்டினால் கற்கள் அடையாளம் வைத்துக்கொள்ளுமாம். நடுவில் மாராயி சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. அவளுடைய கைக்குழந்தை நாத்தனார் தோளில் அழுதுகொண்டிருந்தது.

“அவள் ஏன் எழுந்து வரவில்லை?” என்று கேட்டார் மருதாசலம்.

“மூணு நாள் உள்ளயே கிடக்கணும்,” என்றார் ஊர்ப் பெரியவர் சென்னியப்பன், திரும்பாமலே. “முன்னாடியே வந்தா புள்ளைய எடுத்துக்கும். அவளுக்கும் தெரியும். அதான் அசையாம கிடக்கறா.”

“தண்ணீராவது கொடுத்தீர்களா?”

“கல்லைத் தாண்டி எதுவும் போகக் கூடாதுங்க.”

“மூன்று நாள் கிடந்து உயிரோடு வந்தவர் உண்டா?”

“இந்த வெயில்ல தண்ணியில்லாம எப்படிங்க வர முடியும்?”

“அதைத்தானே நானும் கேட்கிறேன். கொல்வது கல்லா, தாகமா?”

“இவ்வளவு விவரம் பேசறீங்களே வாத்தியாரே, நீங்களே போய்த் தூக்கிட்டு வாங்க,” என்றாள் ஒருத்தி. “நாங்களா புடிச்சு வெச்சிருக்கோம்?”

மருதாசலம் கற்களைப் பார்த்தார். காற்றே இல்லை. ஆனாலும் உள்ளே காய்ந்த புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அசைந்தது. அவர் ஓரடி பின்வாங்கினார்.

நீலவேணி சுரைக்குடுக்கையோடு உள்ளே போனாள். மாராயியின் தலையை மடியில் எடுத்து வைத்து, துணியை நனைத்து உதட்டில் பிழிந்தாள். மாராயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என் புள்ள,” என்றாள்.

“அழுகிறது, கேட்கிறதா? நேற்றிலிருந்து பால் குடிக்கவில்லை.”

மாராயி கொஞ்ச நேரம் அந்த அழுகையைக் கேட்டாள். பிறகு வாயைத் திறந்தாள். குடித்தாள். எழ முயன்றாள். கால் நிற்கவில்லை.

“மருதாசலம், உள்ளே வாருங்கள்,” என்றாள் நீலவேணி.

அவர் கல்லின் ஓரம்வரை வந்தார். அதற்குமேல் கால் எழவில்லை.

“அம்மா, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். இந்தக் கற்களில் ஒன்றும் இல்லைதானே?”

“தெரியாது.”

“உங்களுக்குப் பயமாக இல்லையா?”

அவள் கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

“பிறகு எந்தத் தைரியத்தில் என்னைக் கூப்பிடுகிறீர்கள்?”

“இவளைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்,” என்றாள் நீலவேணி.