தமயந்திக்கு விழுந்த ஒற்றை ஓட்டு

கோபிசெட்டிபாளையத்தில் ஒளிப்படப் பிரியர்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு வட்டம் வைத்திருந்தார்கள். யாருக்கும் இது தொழில் இல்லை. பல் டாக்டர், மருந்துக் கடைக்காரி, அரிசி ஆலை மேஸ்திரி என்று ஆளுக்கொரு பிழைப்பு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தோளில் மாட்டிவிட்டால் எல்லோருக்கும் தலையில் கொம்பு முளைத்துவிடும். ஊரே பாராட்டினாலும் அவர்களுக்கு அது பாராட்டில்லை. மற்ற எட்டுப் பேரில் ஒருவர் "நல்லா வந்திருக்குது" என்று சொன்னால்தான் சோறு இறங்கும். அந்த எட்டுப் பேரோ அவ்வளவு லேசில் வாயைத் திறக்கிற ஜாதி இல்லை.

வருஷத்துக்கு ஒரு போட்டி. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கயிறு கட்டி, ஆளுக்கொரு படத்தைப் பெயர் போடாமல் எண் மட்டும் போட்டு மாட்டுவார்கள். நடுவர் கிடையாது. ஒன்பது பேரும் கட்டாயம் ஓட்டுப் போட வேண்டும், ஆளுக்கு ஒன்று. தன் படத்துக்குத் தானே போடக் கூடாது. அந்த மானம் மட்டும் எல்லோருக்கும் இருந்தது, யாரும் மீறியதில்லை. யாருக்குப் போட்டோம் என்று ஒருநாளும் வெளியில் சொல்லக் கூடாது என்பது இன்னொரு விதி. எண்ணி முடித்ததும் செயலாளர் வெள்ளியங்கிரி, அந்தப் பல் டாக்டர்தான், யாருக்கு எத்தனை ஓட்டு என்று பெயர் சொல்லிப் படிப்பார். பூஜ்ஜியம் என்றாலும் கூசாமல் படிப்பார்.

மருந்துக் கடை தமயந்தி அந்த வருஷம் கொண்டுவந்தது அந்தியூர் மாட்டுச் சந்தைப் படம். துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் விரலைப் பிடித்து விலை பேசுகின்றன. மேலே இரண்டு முகங்களும் ஒன்றும் தெரியாததுபோல வேறெங்கோ பார்க்கின்றன. அதற்காகச் சந்தை சந்தையாக அலைந்து சாணியில் மண்டியிட்டிருந்தாள். இதுவரை இரண்டாம் இடத்தைத் தாண்டாதவள் அவள். இந்தத் தடவையாவது இவர்கள் வாயால் ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று சரியாகத் தூங்காமல் கிடந்தாள்.

அரிசி ஆலை மேஸ்திரி சென்னியப்பன் படத்துக்குப் பெயர் மறைத்தும் பயனில்லை. சூரியன் வடைச்சட்டி மாதிரி நட்ட நடுவில் இருக்கும். வாய்க்கால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் கொட்டிவிடும்போலத் தெரியும். வருஷா வருஷம் அவருக்குப் பூஜ்ஜியம். போன வருஷம் அதைப் படித்தபோது, ஜெயித்தவருக்கு எல்லோரையும்விட நெடுநேரம் கை தட்டிவிட்டு, கை கழுவுகிற இடத்தில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றார். எல்லோரும் பார்த்தார்கள், பார்க்காததுபோலச் சாப்பிட்டார்கள்.

அந்தக் காட்சி தமயந்திக்கு மறக்கவில்லை. சீட்டைக் கையில் வாங்கியதும் யோசித்தாள். 'பாவம், ஒரு ஓட்டு விழட்டும். மற்றவர்கள் ஒழுங்காகப் போடுவார்கள், என் ஒருத்தி ஓட்டால் என்ன குடி முழுகிவிடும்.' மனதின் இன்னொரு மூலை வேறு கணக்குப் போட்டது. மீன்கொத்திப் படம் வெள்ளியங்கிரியுடையது என்று அவளுக்குத் தெரியும், அதற்குப் போட்டால் அவர் முந்திவிடுவார். சென்னியப்பனுக்குப் போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இரக்கம் காட்டினதும் ஆயிற்று, எதிராளிக்கு ஓட்டுப் போகாமல் தடுத்ததும் ஆயிற்று. சூரியன் படத்தின் எண்ணை எழுதிப் பெட்டியில் போட்டாள்.

வெள்ளியங்கிரி படித்தார். ஆறு பேருக்கு வரிசையாகப் பூஜ்ஜியம். அவருக்கே பூஜ்ஜியம். தமயந்திக்கு ஒன்று. தாளை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுக் கடைசியில் சொன்னார்: சென்னியப்பனுக்கு எட்டு.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தமயந்தி தன் சந்தைப் படத்தை ஒருமுறை பார்த்தாள், அந்த வடைச்சட்டிச் சூரியனை ஒருமுறை பார்த்தாள். அந்த ஒற்றை ஓட்டைப் போட்ட புண்ணியவான் வெள்ளியங்கிரியாகத்தான் இருக்கும் என்று அவரை நன்றியோடு பார்த்தாள். அவரும் ஆமாம் என்பதுபோலச் சிரித்து வைத்தார்.

சென்னியப்பன் கேடயத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வீட்டில் எல்லோரும் கேமராவை விற்கச் சொன்னதையும், தான் விற்காததையும் திக்கித் திக்கிச் சொன்னார். பிறகு, "என்ற கண்ணு குருடில்லீன்னு இன்னிக்குத்தானுங்க எனக்கே தெரிஞ்சுது" என்றார்.

தமயந்தியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"அது படத்துக்கு விழுந்த ஓட்டில்லீங்க அண்ணா. பாவம்னு போட்டது. நானும் அப்படித்தான் போட்டேன். மனசாட்சி இருக்கறவங்க இல்லைன்னு சொல்லட்டும்."

சென்னியப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவர் செல்போனை நோண்டினார். ஒருவர் கயிற்றிலிருந்து படத்தைக் கழற்றப் போனார். வெள்ளியங்கிரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

அவர் கேடயத்தை நாற்காலியில் வைத்தார். தமயந்தியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, விதி ஞாபகம் வந்ததுபோல நிறுத்திக்கொண்டார். "செரீங்க அம்மிணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் வட்டத்துக்கு வரவில்லை. கேமராவையும் விற்றுவிட்டதாகக் கேள்வி.

இரக்கப்பட்டு ஓட்டுப் போட்டவர்கள், உண்மையைப் போட்டு உடைத்த தமயந்தி, வாய் திறக்காமல் போன சென்னியப்பன். இவர்களில் யார் செய்தது சரி? தமயந்திக்கு அந்த ஒற்றை ஓட்டைப் போட்டது யார்?

விடை: ஒன்பது பேர், ஒன்பது ஓட்டு. தன் படத்துக்குத் தான் போட முடியாது என்றால், சென்னியப்பனுக்கு விழுந்த எட்டும் மற்ற எட்டுப் பேருடையவை. மிச்சமிருந்த ஒன்று அவருடையது. ஆகவே அந்தக் கூடத்தில் படத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டவர் அவர் ஒருவர்தான், விதியைக் காத்தவரும் அவர்தான். செய்தது சரி என்றால் அது அவருடையதே. மற்றவர்கள் காட்டிய இரக்கத்தில் பாதி கள்ளம். தமயந்தி சொன்னது உண்மை, ஆனால் தோற்ற வயிற்றெரிச்சலில் சொன்ன உண்மை. வீடு திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து அவளும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷம் அவள் ஏங்கிய பாராட்டு அன்று ஒரே ஒருவர் வாய்வரைக்கும் வந்திருந்தது, அந்த வாயை அவளே அடைத்திருந்தாள்.