நெஞ்சையே பறையாக்கியவர்

ஆற்றங்கரையிலே கடம்பவாயில் என்றோர் ஊர். அங்கே கோயில் கொண்ட பெருமானுக்குச் செவிசாய்த்த நாதர் என்று பெயர். அடியார் கூப்பிட்ட குரலைக் கேட்பதற்காகவே லிங்கத் திருமேனி ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருப்பதாக ஊரார் சொல்வார்கள். அக்கோயிலில் பறை முழக்கும் தொண்டு செய்துவந்தவர் உலகனார். விடியலில் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, "எழுந்திரும் சாமி, நான் வந்துட்டேன்" என்று உரிமையோடு சொல்லிவிட்டே முதல் அடி அடிப்பார். கூலி கோயில் சோறு. அதற்கு மேல் அவர் கேட்டதும் இல்லை.

அவருக்கு வேறொரு கடமையும் இருந்தது. படை புறப்படுமுன் கரையில் நின்று, எதிர்க்கரை மணலூருக்குக் கேட்கும்படி ஓலப்பறை அறைய வேண்டும். சூலிகள், பிள்ளை பெற்றவர்கள், நோயாளிகள், முதியோர், ஆடுமாடுகள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ளட்டும், நாங்கள் ஆயுதத்தோடு வருகிறோம் என்பது அதற்குப் பொருள். பறை விழுந்தபின் ஒரு பகல் முழுதும் எவனும் வாளை உருவக்கூடாது. இது எந்த அரசனும் போட்ட சட்டமன்று. இரு கரையிலும் மனிதர் குடியேறிய நாள் முதலாய் அவர்கள் மனத்தில் தானே ஊன்றிய அறம்.

அந்த அறத்தை மணலூரார் ஒரு வைகறையில் காலில் போட்டு மிதித்தார்கள். பறையும் இல்லை, பேச்சும் இல்லை. வந்து தீயை வைத்தார்கள். உலகனாரின் ஒரே மகனும், நிறைமாதச் சூலியான மருமகளும் குடிசையோடு எரிந்து போனார்கள். ஐயோ, அந்தக் கொடுமையை எப்படிச் சொல்வது! சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு, ஈரத்துணியோடு மாலைப் பூசைக்குப் பறை முழக்க வந்தார் அடியார். "கல்லு நெஞ்சுக்காரன்யா இவன்" என்று அவர் காதுபடவே பேசினார்கள். மனைவி பூங்கண்ணியார் அன்று முதல் அவரோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

ஊர்த்தலைவன் வல்லகோன் பழிவாங்கப் பல மாதமாகப் படை திரட்டினான். "அவனுங்க பறை அடிச்சா வந்தானுங்க? நாளை விடியலில் நாமும் அப்படியே போவோம்" என்றான். கூட்டம் ஆரவாரித்தது. உலகனார் மட்டும் கைகூப்பி முன்னே வந்தார்.

"ஐயா, என் மருமவ செத்தது பறை விழாததால. அந்தக் கரையிலயும் ஒரு புள்ளத்தாச்சி இருப்பா. சண்டை போடுறது உங்க பாடு. நான் அடிச்சே ஆகணும்."

"உன் மகனைக் கொன்ன ஊருக்கா வக்காலத்து வாங்குற? வெட்கமாயில்ல?" என்று சீறிய வல்லகோன், வாளால் பறையின் தோலைக் குறுக்கே கிழித்தான். அவர் அக்கரைக்குப் போய்ச் சொல்லாதபடி ஓடங்களையெல்லாம் கட்டிப்போடச் சொன்னான். "இப்போ போய் அடி!" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கிற நேரமா அது?

பொழுது சாயும் வேளை. கிழிந்த பறையோடு அடியார் கரைக்கு ஓடினார். ஆற்றில் வெள்ளம் சுழித்துப் போனது. பறையை அடித்தார், பொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தொண்டை கிழியக் கத்தினார். காற்று அதைத் திருப்பி அவர் முகத்திலேயே எறிந்தது. அக்கரையில் அடுப்புப் புகை எழுவதும், ஒரு பெண் குடத்தோடு நடப்பதும் தெரிந்தன. விடிந்தால் அவள் இருக்கமாட்டாள். அது அவளுக்குத் தெரியாது.

உலகனார் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கதறினார். "செவிசாய்த்த நாதராம்! செவிட்டு நாதர்யா நீர்! என் வீடு எரிஞ்சப்பவும் கேக்கல. இப்பவும் கேக்கலையா? தோலுதான வேணும்? இந்தா, என் தோலு!" என்று மேல்துண்டை வீசியெறிந்து, இரு கைகளாலும் தம் மார்பிலேயே ஓங்கி அறைந்தார்.

ஓலப்பறை அதிர்ந்தது! வெள்ளத்தையும் காற்றையும் தாண்டி இரு கரையும் நடுங்க அதிர்ந்தது. கை ஓயும்வரை அறைந்தார். அக்கரையில் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக் காட்டுக்கு ஓடுவதைப் பார்த்தபின்தான் சாய்ந்து விழுந்தார்.

பாசறையில் வீரர்கள் எழுந்து நின்றார்கள். "தோலைத்தான் கிழித்தாயிற்றே!" என்று கத்தினான் வல்லகோன். "யார் அடிச்சா என்ன தலைவரே, பறை விழுந்தாச்சு. நாளைப் பொழுது சாயுற வரைக்கும் எங்க கை வாளைத் தொடாது" என்று அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஒரு பகல் போதுமானதாக இருந்தது. நண்பகலில் மணலூர்த் தலைவர் ஆயுதமின்றித் தனி ஓடத்தில் வந்தார். "நாங்க அடிக்காத பறையை நீங்க எங்களுக்காக அடிச்சீங்களே" என்று மண்ணில் விழுந்து அழுதார். வல்லகோன் குனிந்து அவரைத் தூக்கினான்.

மயங்கிக் கிடந்த அடியாரைப் பூங்கண்ணியார் மடியில் கிடத்தியிருந்தார். அடிபட்ட மார்பைத் தடவிப் பார்த்தார். ஒரு கன்றல் கூட இல்லை. அவர் கண் விழித்ததும், "ஏங்க, உங்களுக்கு வலிக்கலையா?" என்று பல மாதங்களுக்குப் பின் வாய்திறந்து கேட்டார். அந்நேரம் குருக்கள் மூச்சிரைக்க ஓடி வந்தார். "உலகனாரே! சாமி திருமேனியிலே ரெண்டு உள்ளங்கை பதிஞ்சு செவந்து கிடக்குதய்யா!"

அடியார் தம் கைகளைப் பார்த்தார். எழுந்து சந்நிதிக்கு ஓடித் தரையில் விழுந்தார். "அத்தனை அடியும் நீயா வாங்குன? ஐயோ, வலிச்சிருக்குமே சாமி!"

இன்றும் அப்பெருமானுக்கு நீராட்டும்போது அந்தத் தழும்பின்மேல் மட்டும் மெல்லத் துணியால் ஒற்றுவார்களாம். பகைவர் பிள்ளைக்காகத் தம் நெஞ்சில் அறைந்துகொண்ட உலகனாரின் அந்தக் கைகளை நாமும் தொழுவோம்.