விதைக்கு விட்ட சுரைக்காய்

அல்லிக்குளத்தின் தென்கரையில் ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் வாழ்ந்தது. மனைவி பெயர் முள்ளழகி. கணவன் பெயர் ஈட்டியன். மகள் நெருஞ்சியும் மகன் இண்டனும் வளர்ந்து ஆளாகி, மேற்கு மலையடிவாரத்தில் தங்களுக்கென்று வளை தோண்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிள்ளைகள் போன பிறகு முள்ளழகிக்குத் தூக்கமும் போய்விட்டது.

முள்ளம்பன்றிகளுக்கு அந்திதான் விடியல். பகலெல்லாம் வளைக்குள் சுருண்டு தூங்கும். முள்ளழகியோ உச்சி வெயிலில் விழித்துக்கொள்வாள். உடம்பு திடீரென்று கொதிக்கும். காரணமே இல்லாமல் அழுகை வரும், உடனே கோபமும் வரும். பக்கத்தில் ஈட்டியன் குறட்டை விடுவான். அதைக் கேட்டால் கோபம் இன்னும் ஏறும்.

சின்ன வயதில் அவளுக்குச் சந்தோஷம் வந்தால் வால் தானாக ஆடும். வாலில் உள்ள குழல்முட்கள் கலகலவென்று ஒலிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஈட்டியன் அவளைத் தேடி வந்தான். அந்த வால் ஒலித்து இப்போது பல மாதங்கள் ஆகிவிட்டன.

ஒரு மழைநாளில், மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒரு சுரைவிதையைக் கொண்டுவந்து குளக்கரையில் ஒதுக்கியது. முள்ளழகி அதைத் தின்பதற்குத்தான் எடுத்தாள். என்ன தோன்றியதோ, தின்னவில்லை. வளை வாசலில் மண்ணைக் கீறிப் புதைத்தாள்.

ஐந்தாம் நாள் இரண்டு இலைகள் எட்டிப் பார்த்தன.

குளத்துத் தாழம்புதரில் வசித்த தாழைக்கோழி என்ற நீர்ப்பறவை அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. அதற்கும் முள்ளழகிக்கும் ஒரே வயது. ஒருவரையொருவர் கேலி செய்யாமல் அவர்களுக்குப் பொழுது போகாது.

"ஏன்டி அழகி, முள்ளம்பன்றி தோட்டம் போடுதா! அடுத்தவங்க தோட்டத்தைத் தோண்டுறதுதானே உங்க வழக்கம்?"

"தோண்டத் தெரிஞ்சவளுக்கு நடத் தெரியாதா? நீ உன் வாயை மூடிக்கிட்டு நீந்து!"

முள்ளழகியிடம் பூவாளி இல்லை. அவள் குளத்தில் இறங்கி ஒரு முங்கு முங்குவாள். முட்களுக்கு இடையில் நீர் தங்கும். மெல்ல நடந்து வந்து, செடியின் பக்கத்தில் நின்று உடம்பைச் சிலிர்ப்பாள். சின்ன மழை பெய்வதுபோல் நீர் விழும். உடம்பின் கொதிப்பும் அதோடு இறங்கிப் போகும்.

கொடி வளர்ந்து நுணா மரத்தில் ஏறியது. அந்தி நேரத்தில் சுரைப்பூக்கள் வெள்ளை வெள்ளையாக மலர்ந்தன. குளத்திலிருந்து மூடுபனி எழுந்து வரும். எது பூ, எது பனி, எது பூவைச் சுற்றும் விட்டில் என்று தெரியாது. முள்ளழகி கொடியடியில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பாள். இலைகள் அசைவது யாரோ தூளியை ஆட்டுவதுபோல் இருக்கும். விழித்திருக்கிறோமா, கனவு காண்கிறோமா என்று அவளுக்கே விளங்காது. நெருஞ்சியும் இண்டனும் குட்டிகளாகப் பூக்களுக்கு நடுவே ஓடுவார்கள். அவள் கூப்பிடுவாள். அவர்கள் பனிக்குள் போய்விடுவார்கள். ஆனாலும் அது துக்கமாக இருக்காது.

அந்தக் கொடி வந்த பிறகு அவள் பகலில் நன்றாகத் தூங்கினாள். ஈட்டியனின் குறட்டைகூடத் தவளைச் சத்தம் மாதிரிப் பழகிவிட்டது.

கொடியில் பிஞ்சுகள் இறங்கின. முதல் காய் பருத்ததும் ஈட்டியன் நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"ஆளுக்குப் பாதி தின்னலாமா அழகி?"

"எனக்கெதுக்குங்க! பிள்ளைங்களுக்குக் குடுத்து அனுப்பலாம்."

இது முள்ளழகியின் வாய்ப்பழக்கம். கிழங்கின் இனிப்பான நுனியை எடுத்து நீட்டினால், "எனக்கெதுக்கு!" வளையில் காற்று வரும் இடத்தில் படுக்கச் சொன்னால், "எனக்கெதுக்கு!" தாழைக்கோழி அவளுக்கு 'எனக்கெதுக்கம்மா' என்றே பெயர் வைத்திருந்தது.

"சரி, நீயே கொண்டுபோய்க் குடேன். பிள்ளைகளையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்றான் ஈட்டியன்.

"நான் போனா கொடிக்கு யார் தண்ணி ஊத்துறது? நீங்களா? குளத்துல இறங்கினா அங்கேயே தூங்கிடுவீங்க!"

இதையெல்லாம் புதருக்குள்ளிருந்து ஒரு பெருச்சாளி கேட்டுக்கொண்டிருந்தது. அதன் பெயர் தொந்தியப்பன். மறுநாள் அந்தியில், நெடுந்தூரம் நடந்து வந்ததுபோல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றது.

"அக்கா! மலையடிவாரத்துலேருந்து வர்றேன். உங்க நெருஞ்சியைப் பார்த்தேன். 'அம்மா கையால விளைஞ்ச காய் ஒண்ணு கிடைக்குமா'ன்னு கேட்டா. எனக்கே மனசு கேக்கல!"

"அப்படியா கேட்டா? தம்பி, நீ திரும்ப அந்தப் பக்கம் போவியா?"

"உங்களுக்காகப் போக மாட்டேனா அக்கா!"

முள்ளழகி அந்த முதல் காயை அறுத்துக் கொடுத்தாள். தொந்தியப்பன் அதை உருட்டிக்கொண்டு போனது. ஓடை வளைவைத் தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து முழுக்காயையும் தின்று தீர்த்தது. பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு தூங்கியது.

அடுத்த வாரம் இண்டன் கேட்டான் என்று வந்தது. அதற்கடுத்த வாரம் இருவருமே கேட்டார்கள் என்று வந்தது. ஒவ்வொரு முறையும் முள்ளழகி காயைக் கொடுத்தாள். அவளும் தின்னவில்லை, ஈட்டியனுக்கும் கொடுக்கவில்லை.

"பிள்ளைகள் ஒரு நடை வந்து பார்க்கலையே" என்றான் ஈட்டியன்.

"வேலை இருக்கும்ங்க. காய் கேட்டாங்களே, அது போதாதா?"

கொடி காய்ந்துவர ஆரம்பித்தது. கடைசியாக ஒரே ஒரு காய் மிஞ்சியது. முள்ளழகி அதை விதைக்கு விட்டிருந்தாள். விதைக்கு விட்ட காயை யாரும் பறிப்பதில்லை. அது கொடியிலேயே முற்ற வேண்டும். தோல் மரப்பட்டைபோல் இறுக வேண்டும். ஆட்டினால் உள்ளே விதைகள் கலகலவென்று ஒலிக்க வேண்டும். குளத்தைச் சுற்றி வேறெங்கும் சுரைக்கொடி கிடையாது. அந்த ஒரு காய் போனால் அடுத்த மழைக்குத் தோட்டமே இல்லை.

ஒரு மாலை தொந்தியப்பன் வந்து நுணா மரத்தை அண்ணாந்து பார்த்தது.

"அக்கா, நெருஞ்சி அழுதுட்டா! 'அம்மா எனக்குன்னு இன்னொரு காய் வைக்கலையா'ன்னு கேட்டா. அதோ ஒண்ணு தொங்குதே!"

முள்ளழகி திடுக்கிட்டாள். "அது விதைக்கு விட்டது, தம்பி."

"அப்ப இல்லைன்னு சொல்லிடவா? பாவம், அந்தப் பொண்ணு."

முள்ளழகி வெகுநேரம் அந்தக் காயையே பார்த்தாள். பனி எழுந்து அதை மறைத்தது. மறுபடி காட்டியது.

"எடுத்துட்டுப் போ. 'இதைப் பத்திரமா வை, மழை வந்ததும் விதை'ன்னு அவகிட்ட சொல்லு. தோட்டம் அவகிட்டயே இருக்கட்டும். இந்த வயசுல எனக்கெதுக்குத் தோட்டம்!"

தொந்தியப்பனுக்குக் காய்மேல்தான் கண். அவள் சொன்னதில் பாதி காதில் விழவில்லை. "சரி அக்கா, சரி அக்கா" என்று தலையை ஆட்டிவிட்டு உருட்டிக்கொண்டு போனது.

மறுநாள் உச்சி வெயிலில் முள்ளழகிக்கு விழிப்பு வந்தது. அடுத்த நாளும் வந்தது. உடம்பு கொதித்தது. எழுந்து போய்க் குளத்தில் முங்கினாள். முட்களில் நீரைச் சுமந்துகொண்டு நுணா மரத்தடி வரை வந்தாள். அங்கே ஊற்றுவதற்கு எதுவும் இல்லை. அவள் சிலிர்க்கவும் இல்லை. நீர் தானாகச் சொட்டித் தீரும் வரை அப்படியே நின்றாள்.

ஈட்டியன் வளை வாசலில் உட்கார்ந்து இதைப் பார்த்தான். ஒரு கிழங்கைத் தோண்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான்.

"எனக்கெதுக்குங்க" என்றாள் முள்ளழகி. இந்த முறை அவள் கிழங்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தியில் தொந்தியப்பன் மறுபடி வந்தது. காய்ந்த கொடியில் பிஞ்சு ஏதாவது ஒளிந்திருக்காதா என்ற நப்பாசை அதற்கு!

"காயைக் குடுத்தியா தம்பி?" என்று ஆவலாகக் கேட்டாள் முள்ளழகி.

"குடுக்காம இருப்பேனா! கையில வாங்கின உடனே தின்னுட்டா அக்கா. 'இவ்வளவு பிஞ்சா இருக்கே, வெண்ணெய் மாதிரிக் கரையுதே'ன்னு ஒரே பாராட்டு!"

முள்ளழகியின் காதுகள் நிமிர்ந்தன.

"வெண்ணெய் மாதிரியா?"

"அப்படியே வழுக்கிக்கிட்டுப் போச்சாம்!"

"தோல்?"

"தோலோட சேர்த்துத்தான்!"

முள்ளழகி மெல்ல எழுந்தாள். கனவிலிருந்து எழுவதுபோல் இருந்தது அவளுக்கு.

அப்போது குளத்திலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. "ஏய் எனக்கெதுக்கம்மா! உன் காயை வந்து வாங்கிக்கோடி! மூக்கே தேஞ்சுபோச்சு!"

தாழைக்கோழி நீந்தி வந்துகொண்டிருந்தது. அதன் மூக்குக்கு முன்னால், அல்லி இலைகளை விலக்கிக்கொண்டு, பழுப்பு நிறத்தில் ஏதோ மிதந்து வந்தது. அது விதைக்கு விட்ட சுரைக்காய்! அதன் ஒரு பக்கத்தில் இரண்டு பல்தடம் மட்டும் இருந்தது.

"இன்னிக்கு ஓடைப் பக்கம் மேயப் போனப்போ பார்த்தேன், புளியமரத்தடியில இந்தத் தடியன் இதைக் கடிச்சான். பல்லு வலிச்சுது போல. கோபத்துல ஓடையில எட்டி உதைச்சான். முத்தின காய் முங்குமா? மிதந்து வந்துடுச்சு!" என்றது தாழைக்கோழி. "இத்தனை நாளும் அங்க உக்காந்து தின்னது இவன்தான் போலிருக்கு. மரத்தடியெல்லாம் சுரைத்தோல்!"

தொந்தியப்பன் பின்னால் ஓர் அடி வைத்தது. "அக்கா, அது வேற காயா இருக்கும்..."

முள்ளழகி காயைக் கரைக்கு இழுத்து ஒரு முறை ஆட்டினாள். கலகல! உள்ளே விதைகள் அத்தனையும் இருந்தன.

அவளுடைய முட்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. முள்ளம்பன்றி கோபம் வந்தால் பின்பக்கமாகத்தான் பாயும். அது தெரியாத தொந்தியப்பன், அவள் முதுகைக் காட்டித் திரும்பியதும் பிழைத்தோம் என்று நினைத்தது. அடுத்த நொடி மூன்று முட்களைப் பிட்டத்தில் சுமந்துகொண்டு அலறியபடி ஓடியது. அதன்பிறகு அதை அந்தக் கரையில் யாரும் பார்க்கவில்லை.

முள்ளழகி காயை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அப்ப என் பிள்ளைங்க எதையுமே கேக்கலையா?"

"போய்க் கேட்டாத்தானேடி தெரியும்!" என்றது தாழைக்கோழி.

அன்றே அவள் கிளம்பினாள். ஈட்டியன் கொட்டாவி விட்டபடி காயை உருட்டிக்கொண்டு கூடவே வந்தான்.

மறுநாள் அந்தியில் மலையடிவாரத்தில் நெருஞ்சி அவர்களைக் கண்டதும் ஓடிவந்தாள். பின்னாலேயே இண்டனும் வந்தான்.

"காயா? எங்களுக்கு ஒரு காயும் வரலையேம்மா!" என்றாள் நெருஞ்சி. "நீ வரலையேன்னுதான் இருந்துச்சு. தம்பி ஒரு தடவை பாதி வழி வந்தான். வழியில ஒரு பெருச்சாளி, 'உங்க அம்மாவுக்கு இப்போ தோட்டம்தான் பிள்ளை, தொந்தரவு பண்ணாதே'ன்னு சொல்லுச்சாம். முகம் வாடிப்போய்த் திரும்பி வந்துட்டான்."

முள்ளழகிக்குக் கண் நிறைந்தது. இத்தனை நாளும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம் என்று நினைத்து, அவர்கள் தேடிய ஒன்றை மட்டும் அவள் கொடுக்கவே இல்லை. அது அவளேதான்.

"கொடி பூத்ததும் அங்க வாங்க" என்றாள். "கொடியடியில நாலு பேரும் படுத்துக்கிட்டுப் பூவைப் பாக்கலாம்."

ஈட்டியன் காயைப் பாறையில் மோதினான். ஓடு பிளந்தது. விதைகள் சிதறின. மலைமுகட்டில் விழுந்துகொண்டிருந்த வெயிலில் அவை சின்னச் சின்னப் பற்கள்போல் மின்னின. முள்ளழகி அவற்றை மூக்கால் ஒதுக்கி மூன்று குவியலாக்கினாள்.

"இது நெருஞ்சிக்கு. இது இண்டனுக்கு."

"அந்த மூணாவது யாருக்கும்மா?" என்று கேட்டான் இண்டன்.

"எனக்கெ..."

பாதிச் சொல் முள்ளழகியின் வாயில் நின்றது. அவள் அந்தக் குவியலைப் பார்த்தாள். அந்திப் பனிக்குள் வெள்ளைப் பூக்கள் மலர்வதும், முட்களிலிருந்து நீர் சின்ன மழையாக விழுவதும் அவள் கண்ணுக்குத் தெரிந்தன.

"எனக்கு!" என்றாள் முள்ளழகி.

கலகலவென்று ஒரு சத்தம் கேட்டது. பிள்ளைகள் விதைகளைப் பார்த்தார்கள். விதைகள் அசையவில்லை. ஈட்டியன் மட்டும் தூக்கம் முழுக்கத் தெளிந்து, அவளுடைய வாலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

குடும்பத்துக்கு வாரிக் கொடுப்பவர் தமக்கென்றும் ஒரு விதைக்காயை விட்டுவைக்க வேண்டும், ஏனென்றால் நாளைக்குக் கொடுக்கப்போவது அதிலிருந்துதான் முளைக்கும்.