வீராப்பு கூப்பிட்டு வந்த பன்றி

குளத்தங்கரைப் பொட்டலில் பூவாயி என்கிற ஆள்காட்டிக் குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது. கூழாங்கற்களுக்கு நடுவே, வெறும் தரையில் புள்ளி போட்ட முட்டைகள். பார்க்கிறவர்களுக்கு அவையும் கற்கள்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எவர் கண்ணிலும் படாது!

ஆனால், அதன் புருஷன் வாயை மூடினால்தானே? போகிற வருகிறவர்களையெல்லாம் அது வம்புக்கு இழுக்கும். காடே அதற்கு வீராப்பு என்று பேர் வைத்துவிட்டது. காலையில் கீரியோடு சண்டை. மத்தியானம் ஆமையோடு! பாவம், அந்த ஆமை யார் வம்புக்குப் போனது? பூவாயிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலம் ஒரு காட்டுப்பன்றி, எதிர்க்கரையில் கோரைக்கிழங்கு தோண்டித் தின்றுவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஏய், சேத்து மூஞ்சி!" என்று கத்தியது வீராப்பு. "இந்தப் பக்கம் திரும்பாமலே போறியே, பயமா?"

"ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சும்மா இருங்க!" என்று பூவாயி கெஞ்சியது.

"நீ பேசாம இரு! இன்னைக்கு இவனை ஒரு கை பார்க்கிறேன்!"

"உன்கிட்ட எனக்கு என்னப்பா சண்டை? நான் தூங்கப் போறேன்" என்றது பன்றி.

"தைரியம் இருந்தா இங்க வாடா!"

பன்றி நின்றது. திரும்பியது. வந்தேவிட்டது!

வீராப்பு என்ன செய்தது? சட்டென்று பறந்து உயரே ஏறிக்கொண்டது. முட்டைகளுக்கு ஏது இறக்கை? பூவாயிதான் ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, அடிபட்டதுபோல் நொண்டி நொண்டிப் பன்றியின் மூக்குக்கு முன்னால் ஓடியது. பன்றி அதைத் துரத்திச் சேற்றுக்குள் இறங்கியதும் பூவாயி பறந்து தப்பித்தது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தால், ஒரு முட்டை பன்றியின் குளம்படியில் நசுங்கிக் கிடந்தது. நாளையோ மறுநாளோ பொரிய வேண்டிய குஞ்சு.

வீராப்பு கீழே இறங்கியது. "பார்த்தியா, அவனை எப்படி ஓடவிட்டேன்!"

"ஓடினது நான்!" பூவாயிக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. "நாம இங்க இருக்கிறதே அதுக்குத் தெரியாது. நீங்கதானே கூவிக் கூவி நம்ம பிள்ளைங்ககிட்ட கூட்டிட்டு வந்தீங்க!"

வீராப்பு நசுங்கிய முட்டை ஓட்டைக் குனிந்து பார்த்தது.

தன் பாட்டுக்குப் போகிறவரை வம்புக்கு இழுத்தால், அடி விழுவது சவால் விட்ட வாய்க்கு அல்ல, ஒரு பாவமும் அறியாத பிள்ளைகளுக்குத்தான்.