கடைப் பிரியாணி

தாளாளர் சிகாமணி வாயைத் திறந்தாலே காலேஜ் பெருமைதான். "தொண்ணூத்தஞ்சு சதவீதத்துக்குக் கீழ ஒருத்தரையும் சேர்க்கிறதில்லை. அதான் வருஷா வருஷம் அத்தனை பேரும் பாஸ்!"

விடுதியில் சமைக்கும் அஞ்சுகத்தின் மகள் சுகந்தி எடுத்தது எண்பத்தெட்டு. "அடுப்படியில உக்காந்து படிச்ச புள்ளைங்கய்யா" என்று அஞ்சுகம் கெஞ்சியும், விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் விடுதியில் அவருடைய நண்பர்களுக்கு விருந்து. பிரியாணியைச் சாப்பிட்டவர்கள் சொக்கிப்போனார்கள். தாளாளருக்குத் தலைகால் புரியவில்லை. அஞ்சுகத்தைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் நிறுத்தினார். "எங்க விடுதிச் சமையல்னா சும்மாவா!"

"எதிர்க்கடையில வாங்கினதுங்கய்யா. நல்லா வெந்ததாப் பாத்து வாங்கி இலையில வெச்சேன். பேரு நமக்கு."

"கடைச் சோத்தை வைக்கிறதுக்கு நீ எதுக்குச் சமையல்காரின்னு இருக்கே?"

"அதேதாங்கய்யா. அரிசியைச் சோறாக்கினாத்தானே நான் சமையல்காரி? எம்மவ இன்னும் கொஞ்சம் வேகணும். நம்ம காலேஜ் ஆக்கிக் காட்டட்டுமே."

விருந்தாளி ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். தாளாளர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த விண்ணப்பத்தைக் கொண்டா."

தேடப் போகவில்லை அஞ்சுகம். ஒரு வாரமாக இடுப்பிலேயே செருகி வைத்திருந்ததை எடுத்து, முந்தானையால் மஞ்சள் கறையைத் துடைத்துவிட்டு நீட்டினாள்.