எட்டாவது ஊற்று

மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் பனங்காடு. நடுவில் மணல். அந்த மணலில்தான் ஊர். குடிக்க ஏழு ஊற்று இருந்தது. ஆறு உப்பாகிவிட்டது. எட்டாவது ஒன்று கிடைக்குமா என்று ஊரே மணலைக் கிளறிப் பார்த்துவிட்டது. கிடைக்கவில்லை.

மிஞ்சின ஏழாவது, சாமியார் குடிசை வாசலில்.

அங்கே நல்ல தண்ணீர் மேலாக ஒரு முழம்தான். அதற்குக் கீழே கடல். அதனால் தேங்காய்ச் சிரட்டையால் மோக்க வேண்டும். மணல் தெரிந்ததும் மேலே ஏறிவிட வேண்டும். திரும்ப ஊறின பிறகுதான் அடுத்த ஆள். இதுதான் முறை.

இரண்டு வருஷமாக மழை இல்லை. வரிசையில் நாற்பது குடம். விடிந்ததிலிருந்து நிறைந்தது ஆறு.

ஊற்றுக் குழிக்குள் ராக்கு இருந்தாள்.

"மதினி, தண்ணி மோக்குறியா, தாலாட்டுறியா?" என்றாள் மேலே நின்ற ஒருத்தி.

"நீ வந்து மோந்து பாரு. சிரட்டையில பாதி மணல்."

இருளாண்டி வரிசையில் நிற்கவில்லை. மண்வெட்டியோடு வந்தான். அவன் பெண்டாட்டிக்கு முந்தாநாள்தான் பிரசவம்.

"அக்கா, மேல ஏறு. ஒரு முழம் ஆழப்படுத்துறேன். அத்தனை குடமும் இப்பவே நிறையும்."

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

காவலுக்கு நின்ற சீடன் உடையப்பன் குறுக்கே கம்பை நீட்டினான். குடிசைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான்.

"சாமி, நீங்க சொல்லுங்க. வெட்டலாமா, கூடாதா?"

சாமியார் வெளியே வந்தார்.

"ஆறாவதை யாரு வெட்டுனது?"

உடையப்பன் தலை குனிந்தான். "நான்தான். ஊரே நின்னு கெஞ்சுச்சு."

"தண்ணி வந்துச்சா?"

"பொங்கிட்டு வந்துச்சு. அன்னிக்கு வெறுங்குடத்தோட யாரும் போகல."

"மறுநாள்?"

உடையப்பன் கம்பைக் கீழே இறக்கினான்.

"வாயில வச்சதும் துப்புனோம்," என்றாள் ராக்கு, குழிக்குள்ளிருந்து.

"மறுநாள் பேச்சு எனக்கெதுக்கு?" என்றான் இருளாண்டி. "வீட்டுல அவ தண்ணி குடிச்சாத்தான பிள்ளைக்குப் பால் சுரக்கும்?"

சாமியார் உள்ளே போனார். தம் குடத்தைத் தூக்கி வந்து அவன் முன்னால் வைத்தார். அரைக்குடம் இருந்தது.

"கொண்டு போ."

"உங்களுக்கு?"

"போடா."

இருளாண்டி மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தான்.

வரிசை அசையவில்லை. எல்லார் கண்ணும் மண்வெட்டி மேல்.

உடையப்பன் குரலைத் தாழ்த்தினான். "சாமி, உங்களுக்கு இருந்த தண்ணியும் போச்சு. நாளைக்கு இன்னொருத்தன் வருவான். அவன் வீட்டுலயும் பிள்ளை இருக்கும். இந்தக் கம்பு எத்தனை பேரை நிறுத்தும்? இன்னிக்கே வெட்டிட்டா, ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்காமலாவது இருப்பாங்க."

சாமியார் மண்வெட்டியை எடுத்தார். கூட்டம் ஓரடி முன்னால் வந்தது. அவர் அதை உடையப்பன் கையில் திணித்தார்.

"வெட்டு. முதல்ல எட்டாவது ஊத்தை வெட்டிக் காட்டு. அப்புறம் இதுக்கு வா."

உடையப்பன் மணலைப் பார்த்தான். மணலுக்கு அந்தப் பக்கம் கடலைப் பார்த்தான். நின்ற இடத்திலேயே நின்றான்.

ராக்கு முக்கால் குடத்தோடு மேலே ஏறினாள்.

"மணல் தெரியுது," என்றாள்.

யாரும் இறங்கவில்லை.