எந்த நான்?

முறம் நிறைய மொச்சைக்காய் கிடக்கிறது. உரித்து முடிக்கிற வரைக்கும் ஒரு கதை சொல்கிறேன். பூச்சிக்காயைத் தனியே போடுங்கள். காது மட்டும் இங்கே இருக்கட்டும்.

மலையெல்லாம் இப்போது இருப்பதைவிட ஒரு முழம் உயரமாக இருந்த காலத்தில், கொன்றைநாடு என்று ஒரு நாடு. அதற்குப் பூவேந்தன் என்று ஒரு ராஜா. நல்ல ராஜாதான். என்ன, எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்பார். கொக்கு ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது? பூசணிக்கொடிக்குக் கூரை இருக்கிற பக்கம் எப்படித் தெரிகிறது? பொங்குகிற பாலைக் கீழேயிருந்து தள்ளுவது யார்? அவர் வருகிறார் என்றால் சமையல்காரர் விறகுக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

ஒரு நாள் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பெரிய கேள்வி ஒன்று வந்துவிட்டது. 'கிரீடம் நான் இல்லை, கழற்றி வைக்கலாம். பட்டு நான் இல்லை, துவைக்கப் போடலாம். நான் நான் என்கிறேனே, அது எது? மனுஷன் பிறந்து வாழ்வதற்கு அர்த்தம் கொடுப்பது எது?'

மந்திரியைக் கேட்டார். "பதவிதான் மகாராஜா" என்றார் மந்திரி. பண்டிதரைக் கேட்டார். "படிப்புதான் மகாராஜா" என்றார் பண்டிதர். தளபதியைக் கேட்டார். "பலம்தான் மகாராஜா" என்றார் தளபதி.

ராஜாவுக்கு மூன்றும் ருசிக்கவில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பார்த்தால் மிச்சம் என்ன என்று தெரிந்துவிடும் என்று நினைத்தார். கிரீடத்தையும் மோதிரத்தையும் தோட்டத்து மண்டபத்தில் வைத்தார். தோட்டக்காரனின் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டார். தோட்டத்துச் சின்னக் கதவு வழியாக ஆற்றங்கரைக்குத் தனியாக நடந்தார்.

உச்சிவெயில் நேரம். 'இப்போது நான் யார், இப்போது நான் யார்' என்று யோசித்தபடி அவர் போய்க்கொண்டிருக்கும்போது, நாணல் காட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம்.

"புலி! புலி!"

அவ்வளவுதான். எங்கெங்கோ தம்பட்டம் அடித்தது. ராஜா திரும்பி ஓடினார். தோட்டத்துக் கதவைக் காவலர்கள் உள்ளேயிருந்து பூட்டிவிட்டார்கள். எவ்வளவு தட்டியும் ஒருவருக்கும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த கூடைக்காரர் தெருவுக்கு ஓடினார். அங்கேயும் எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தது.

முதல் கதவைத் தட்டினார்.

"யாரது?"

"நான்தான்!"

"நான்தான்னா யாரு?"

மந்திரி சொன்னது ஞாபகம் வந்தது. "நான் இந்த நாட்டு ராஜா!"

உள்ளே கொல்லென்று சிரிப்பு. "ராஜாவா? அப்ப நான் பட்டத்து யானை. தும்பிக்கையால கதவைத் திறக்க முடியலைங்க, போங்க."

இரண்டாவது கதவைத் தட்டினார். "நான்தான்! பதினாறு நூல் படித்தவன்!"

"படிச்சவரா? புலி வர்ற நேரத்துல தெருவுல நிக்கக்கூடாதுன்னு அதுல எதிலேயும் எழுதலையா?" கதவு திறக்கவில்லை.

மூன்றாவது கதவைத் தட்டினார். "நான்தான்! நான் பலசாலி. பெரிய வில்லை ஒற்றைக் கையால் வளைப்பேன்!"

"ரொம்ப நல்லதாப் போச்சு. அந்தப் புலிய விரட்டிட்டு வாங்க, திறக்கிறோம்."

அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. போன மாதம்தான் 'புலி, புலி' என்று கத்திக்கொண்டு உள்ளே வந்த ஒருவன், அம்மியைக்கூட விடாமல் தூக்கிப் போயிருந்தான்.

நாணல் காட்டில் உறுமல் கேட்டது. அந்த நேரம் தெருக்கோடியிலிருந்து ஒருத்தி தலையில் மூங்கில் கட்டோடு ஓடி வந்தாள். அவள் பெயர் காத்தாயி. கட்டைக் கீழே போட்டாள். நான்காவது கதவைத் தட்டினாள்.

"யாரது?"

"நான்தான்!"

உடனே படாரென்று திறந்தது கதவு. திறந்தது காத்தாயியின் நாத்தனார் வீராயி. ஒரு பானை உடைந்ததற்காகக் காலையிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"எடுபட்டவளே! ஊரே உள்ள இருக்கு, உனக்கு மூங்கில் கேக்குதா? வாடி உள்ள!"

"மதினி, திட்டறத அப்புறம் வச்சுக்க. இந்த ஆளும் வெளியில நிக்கிறாரு."

"யாரு அது?"

"யாரோ. நான் கூட்டிட்டு வர்றேன்ல, நம்ம ஆளுதான்." ராஜாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கதவைச் சாத்தினாள்.

வெளியே புலி. ஆனால் ராஜாவுக்குக் கேள்விதான் முன்னால் வந்தது.

"அம்மா, நானும் 'நான்தான்'னு சொன்னேன். இவங்களும் 'நான்தான்'னு சொன்னாங்க. எனக்கு மூணு கதவு திறக்கல. இவங்களுக்கு மட்டும் எப்படித் திறந்தது?"

வீராயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ சொன்னா அது அவ. பசிச்சா ஒரு மாதிரி சொல்லுவா, கோவம்னா ஒரு மாதிரி சொல்லுவா, பயந்தா ஒரு மாதிரி சொல்லுவா. எனக்குத் தெரியாதா? நீங்க சொன்னது யாருக்குத் தெரியும்? அது வெறும் காத்து."

"ஆனா இவங்களைத் திட்டினீங்களே, சண்டையா?"

"சண்டை போட்டா குரல் மறந்துடுமா? இன்னும் நல்லால்ல ஞாபகம் இருக்கும்!"

காத்தாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆளுக்கொரு கலயம் கஞ்சி ஊற்றினாள். ராஜா குடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மியோ?" என்றார்.

"ஒண்டவந்த இடத்துல வாயைப் பாரு" என்றாள் வீராயி. ஆனாலும் எழுந்துபோய் உப்பு எடுத்து வந்தாள்.

காவலர்கள் தம்பட்டம் அடித்து அடித்துப் புலியை மலைக்கு விரட்டினார்கள். கதவுகள் திறந்தன. ராஜா அரண்மனைக்கு ஓட்டமாக வந்தார். கிரீடத்தைத் தொடவில்லை. 'என் குரல் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள்' என்று நேராக ராணி மாதங்கியின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

"யாரது?"

"நான்தான்."

உள்ளேயிருந்து ராணி கேட்டாள்: "எந்த நான்?"

மூன்று கதவு திறக்காதபோதுகூட ராஜாவுக்கு அப்படி வலிக்கவில்லை.

தப்பு ராணி மேல் இல்லை. கல்யாணமாகி ஏழு வருஷம். அவர் வருவதற்கு முன்னால் சங்கு ஊதும். கட்டியக்காரன் பட்டப்பெயர்களை எல்லாம் சொல்வான். சேடி கதவைத் திறப்பாள். அந்த ஏழு வருஷத்தில் அவர் ஒரு நாளும் கதவைத் தட்டியதில்லை. 'நான்தான்' என்று சொன்னதுமில்லை. உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் கேட்டவர், 'சாப்பிட்டாயா' என்று அவளைக் கேட்டதில்லை.

அன்றைக்கே சங்கை நிறுத்தினார். மறுநாள் தானே நடந்துபோய்த் தட்டினார். "எந்த நான்?" என்றாள் ராணி. தினமும் போனார். அடுத்த மாதம் ஒரு நாள் தட்டினார். கேள்வி வரவில்லை, கதவு மெதுவாகத் திறந்தது. நடுவில் கூடைக்காரர் தெருவுக்கும் போய்வந்தார். "எந்த நான்தான்? ஓ, கஞ்சிக்கு உப்பு கேட்ட நான்தானா? வாங்க, வாங்க" என்றாள் வீராயி. அவர்தான் ராஜா என்று அவள் கடைசிவரை நம்பவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு சாயங்காலம். நனைந்துபோய் வந்து ராணியின் கதவைத் தட்டினார்.

"யாரது?"

"நான்தான்."

"தெரியுது, தெரியுது. சேத்துக் காலோட உள்ள வந்துடாதீங்க. துணி எடுத்துட்டு வர்றேன்."

ராஜா வாசலிலேயே நின்றார். முகத்தில் வழிந்ததில் மழை எவ்வளவு, கண்ணீர் எவ்வளவு என்று அவருக்கே தெரியவில்லை. முதல் தடவையாக அதை அவர் யாரிடமும் கேட்கவுமில்லை.

நம் குரல் தெரிந்து திறக்க ஒருவர் இருப்பதும், இன்னொருவர் குரல் தெரிந்து நாம் எழுந்துபோய்த் திறப்பதும்தான் மனுஷ வாழ்க்கைக்கு அர்த்தம்.

இன்னும் பத்துக் காய்தான் பாக்கி. அந்த வீராயி பிறகு ஒரு நாள் கூடை விற்க அரண்மனைக்கே போய், அங்கே கதவைத் தட்டி... இருங்கள், வாசலில் கூப்பிடுகிறார்கள். யாரது என்று கேட்கவே வேண்டாம், அது நம்ம ஆளுதான். இதோ, போய்த் திறக்கிறேன்.